தவிலுக்குப் பின்னால் வருகிற கார்

“வண்டிதான் ஓடுதுல்லா, பெறவு என்ன?”

இந்த வாக்கியத்தை மட்டும் என் காதுபடச் சொல்லிவிடாதீர்கள் பிள்ளைகளே. மேலகரத்தில் நான் வைத்திருந்த மெக்கானிக் ஷெட்டை இப்போது நீங்கள் நடத்துகிறீர்கள். எனக்கு முட்டி மடங்காமல் போய்விட்டது, வாய் மடங்கவில்லை. போன வாரம் அந்தப் பக்கம் வந்தபோது உங்களில் ஒருவர், பெயர் சொல்ல மாட்டேன், தேய்ந்துபோன ஆக்சிலேட்டர் ராடைக் கம்பியால் இழுத்துக் கட்டிவிட்டு இதையேதான் சொன்னீர்கள். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. “கம்பிக்கெல்லாமா ஒரு மனுசன் பட்டினி கெடப்பான்?” என்றாள் என் வீட்டுக்காரி. கிடப்பான். ஏன் என்று சொல்கிறேன், கேளுங்கள்.

சில வருஷங்களுக்கு முன்பு நடந்தது. ஆய்க்குடிப் பக்கத்தில் ஒரு முதலாளி. வயல், தோப்பு, அரிசி ஆலை எல்லாம் உண்டு. அவருடைய அப்பா வாங்கிய ஒரு கறுப்பு கார் அவரிடம் இருந்தது. கப்பலில் வந்து இறங்கிய கார் என்பார். உருண்டை விளக்கு, கதவுக்குக் கீழே ஏறி நிற்கப் படி, பார்க்க ராஜா மாதிரிதான் இருக்கும். குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் அதற்கு ஓய்வே கிடையாது. சுந்தரபாண்டியபுரத்தில் சூரியகாந்தி பூத்ததும் படம் பிடிக்க வருகிறவர்கள் வாடகைக்குக் கேட்பார்கள். ஆவணி பிறந்தால் மாப்பிள்ளை அழைப்பு. முதலாளி வாராவாரம் மெழுகு போட்டுத் துடைக்கச் சொல்லுவார். பானெட்டின் மேல் முகம் பார்த்து மீசை முறுக்கலாம், அவ்வளவு பளபளப்பு. அந்த பானெட்டைத் திறந்து உள்ளே பார்க்க மட்டும் அந்த மனுஷனுக்கு ஒரு நாளும் நேரம் வாய்த்ததில்லை.

காரை ஓட்டியவர் தேவராஜ். பொறுமையான ஆள். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாட்டுக் குழுவில் நின்று பாடுவார். குடி, பீடி எதுவும் கிடையாது. அவர்தான் ஒருநாள் காரை என்னிடம் கொண்டுவந்தார்.

“அண்ணாச்சி, கால எடுத்த பெறவும் இன்ஜின் சட்டுனு எறங்க மாட்டேங்கு. கொஞ்சம் யோசிச்சிட்டுத்தான் எறங்குது. எனக்கு என்னமோ சரியாப் படலை.”

சொன்னது சரிதான். அந்தக் காலத்து கார்களில் பெடலுக்கும் கார்பரேட்டருக்கும் நடுவே கேபிள் கிடையாது, இரும்பு ராடுகள்தான். ஒரு ராடும் இன்னொன்றும் சேருகிற இடத்தில் ஒரு குண்டும், அது உட்கார ஒரு கிண்ணமும் இருக்கும், நம் தோள்மூட்டு மாதிரி. இந்த காரில் குண்டு தேய்ந்து முட்டை வடிவத்துக்கு வந்திருந்தது. கிண்ணத்தின் வாய் விரிந்து கிடந்தது. இன்ஜினைத் தாங்குகிற ரப்பர்கள் நசுங்கிச் சப்பையாகிவிட்டிருந்தன. ராடைக் கையால் பிடித்து ஆட்டினால் ஆடிய பல் மாதிரி ஆடியது.

முதலாளியை வரவழைத்துக் காட்டினேன். அவர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

“இத லேத்துல குடுத்துப் புதுசாக் கடையணும் முதலாளி. ரப்பரையும் மாத்தணும். அடுத்த முகூர்த்தத்துக்குத் தாரேன்” என்றேன்.

“வே மேஸ்திரி, இந்த முகூர்த்தத்துக்கே வாக்கு குடுத்தாச்சு. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க பெரிய எடம். ஒரு ஸ்பிரிங்க இழுத்து மாட்டி விடும். வண்டிதான் ஓடுதுல்லா, பெறவு என்ன?”

“ஸ்பிரிங் மாட்டுனா தேய்மானம் போவாது முதலாளி, மறைஞ்சுதான் கெடக்கும். நான் மாட்ட மாட்டேன்.”

“ஊர்ல நீரு ஒருத்தர்தான் மெக்கானிக்காக்கும்!”

காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். தென்காசியில் யாரோ ஒரு புண்ணியவான் ஒன்றுக்கு இரண்டாக ஸ்பிரிங் மாட்டிக் கொடுத்தான். பெடல் சுண்டிவிட்டது போலத் திரும்பி வந்தது. “பாத்தீரா, அரைமணி நேர வேலை. அந்த மேலகரத்து மேஸ்திரி என்னமோ ஆப்பரேசன் பண்ணணும்னு சொன்னாரே” என்று முதலாளி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்ததாகக் கேள்வி.

இனி மாப்பிள்ளை அழைப்பில் கார் எப்படிப் போகும் என்று சொல்ல வேண்டும். உங்களில் பல பேர் அதில் மாப்பிள்ளையாக உட்கார்ந்திருப்பீர்கள், டிரைவராக உட்கார்ந்திருக்க மாட்டீர்கள். முன்னால் நாதஸ்வரமும் தவிலும். அவர்கள் நடக்கிற நடைதான் காருக்கு வேகம். தெருமுக்குக்கு ஒரு தடவை நிற்பார்கள், ஒரு பாட்டை எடுத்து விஸ்தாரமாக வாசிப்பார்கள், மறுபடி நடப்பார்கள். கார் அவர்களுடைய முதுகை ஒட்டியே ஊர்ந்து வரவேண்டும். கொஞ்சம் பின்தங்கினால் மாமன்மார், “என்னலே, தேரா இழுக்கே? ஒட்டி வாலே!” என்று சத்தம் போடுவார்கள். அதனால் டிரைவர் வழியெல்லாம் கிளட்சைப் பாதி மிதித்தபடி, ஆக்சிலேட்டரைத் தொட்டும் தொடாமலும் ஓட்டுவார். சாதாரணமாக ஓடுகிற கார் அப்படி ஒரு பாடு படவே படாது. ஒவ்வொரு தடவை கிளட்ச் பிடிக்கும்போதும் இன்ஜின் ஒரு பக்கமாகச் சாயும். ரப்பர் சப்பையாக இருந்தால் நன்றாகவே சாயும். இன்ஜின் சாய்ந்தால், அதோடு சேர்த்துக் கட்டிய ராடு என்ன செய்யும்? யோசித்துப் பாருங்கள்.

அன்று சாயந்திரம் ஊர்வலம் என் ஷெட்டைத் தாண்டித்தான் மண்டபத்துக்குப் போனது. சாரல் பொடித்தூவலாக விழுந்துகொண்டிருந்தது. நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். தேவராஜ் என்னைப் பார்த்து லேசாகத் தலையாட்டினார். கார் தாண்டிப் போய்க் கொஞ்ச தூரம்கூட இருக்காது, இன்ஜின் சத்தம் மாறியது. மேலே மேலே ஏறி அலறியது. பாவி, கழன்றுவிட்டதே என்று ஓடினேன்.

கார் ஒரே ஒரு துள்ளல்தான் துள்ளியது. தேவராஜ் ஸ்டியரிங்கை இடது பக்கம் ஒடித்து, கிளட்சையும் பிரேக்கையும் சேர்த்து மிதித்து, சாவியையும் திருகி இன்ஜினை அணைத்துவிட்டார். எவனாலும் அதற்கு மேல் செய்ய முடியாது. நேராகப் போயிருந்தால் முன்னால் ஆடிக்கொண்டிருந்த சின்னப் பிள்ளைகள் மேல் ஏறியிருக்கும். ஆனால் அந்த ஒரு துள்ளலுக்குள் தவில்காரர் இருந்தார். சுந்தரபாண்டியபுரத்துக்காரர். கால்முட்டி நொறுங்கி, உடைந்த தவிலோடு ரோட்டில் கிடந்தார்.

அதற்குள் கூட்டம் தேவராஜைக் கதவைத் திறந்து இழுத்துவிட்டது. “குடிச்சிட்டு வந்திருக்கான்லே எடுபட்ட பய!” என்று ஒருத்தன் சொன்னான். சொன்னவனுக்குத்தான் வாயில் நாற்றம். அவ்வளவுதான், ஆளாளுக்கு அடித்தார்கள். நான் கத்தியது யார் காதிலும் விழவில்லை. நான்கைந்து பேர் தவில்காரரைத் தூக்கப் போக, நாற்பது பேர் போனைத் தூக்கிக்கொண்டு தேவராஜ் அடிபடுவதைப் படம் எடுத்தார்கள்.

நான் பானெட்டைத் திறந்தேன். நினைத்தபடியேதான் இருந்தது. குண்டு கிண்ணத்தை விட்டுப் பாதி வெளியே வந்து, ராடு பக்கத்து இரும்புப் பட்டையின் விளிம்பில் ஏறி, காலை எடுத்தாலும் வேகம் இறங்காதபடி உட்கார்ந்திருந்தது. இரண்டு ஸ்பிரிங்கும் முறுக்கேறி அதை இன்னும் இறுக்கிப் பிடித்திருந்தன. “எய்யா, இங்கன வந்து பாருங்க! இத ஒரு படம் எடுங்க!” என்று கத்தினேன். நான் பட்டிக்காட்டு போன் வைத்திருக்கிறவன், அதில் படம் எடுக்க வராது. ஒருத்தனும் திரும்பவில்லை. அதற்குள், கார் வழியை அடைக்கிறது என்று யாரோ பின்னாலிருந்து தள்ளினார்கள். கார் குலுங்கியது. ‘டக்’ என்று ஒரு சத்தம். ராடு இறங்கி, குண்டு தன் கிண்ணத்தில் போய்ச் சமர்த்தாக உட்கார்ந்துகொண்டது. என் கண்ணெதிரே சாட்சி போயே போய்விட்டது.

ஆஸ்பத்திரியில் சோதித்துவிட்டு, தேவராஜ் குடிக்கவில்லை என்று சொல்லிவிட்டார்கள். உடனே முதலாளி பேச்சை மாற்றினார். “பிரேக்குன்னு நெனச்சு ஆக்சிலேட்டர மிதிச்சிட்டான். வயசாச்சுல்லா” என்றார். தேவராஜுக்கு அவரைவிட வயது குறைவு. நான் ஸ்டேஷனுக்குப் போய் நான் பார்த்ததைச் சொன்னேன். “இவரு எங்கிட்ட வேலை கெடைக்கலைன்னு பொறாமையில சொல்லுதாரு” என்று முதலாளி சிரித்தார். தேவராஜின் லைசென்சை வாங்கி வைத்துக்கொண்டு வழக்கு எழுதினார்கள். ஸ்டேஷனில் இடம் இல்லாததால், வாகன ஆய்வாளர் வந்து பார்க்கும்வரை காரை என் ஷெட்டிலேயே நிறுத்தி, யாரும் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

மறுநாள் தேவராஜின் மனைவி எஸ்தர் வந்தாள். பீடி சுற்றுகிறவள். விரலில் புகையிலை வாசத்தோடு வந்து காரின் முன்னால் நின்று அதை முறைத்துப் பார்த்தாள்.

“அண்ணாச்சி, வீடியோ மலேசியாவுல இருக்க என் தம்பி வரைக்கும் போயிருச்சு. கொலைகாரன்னு போட்டிருக்காவ. வீட்டுல இவ்வோ செவுத்தப் பாத்து உக்காந்திருக்காவ. கோயிலுக்கும் போவலை. லைசென்சு போச்சுன்னா வேற எந்த வேலை தெரியும் இவ்வோளுக்கு?”

“ஆய்வாளர் வரட்டும் தாயி. நான் சொல்லுதேன்.”

“நீங்க சொன்னா எடுபடுமா?”

அவள் கேட்டது நியாயம்.

அவள் போன பிறகு முதலாளி வந்தார். கையில் ஒரு பொட்டலம். என் மேஜைமேல் பிரித்து வைத்தார். புதிதாகக் கடைந்த குண்டு, கிண்ணம், புஷ், புது ரப்பர் எல்லாம் இருந்தன! பிள்ளைகளே, எனக்கு வந்த கோபத்தை நான் எப்படிச் சொல்வேன்? ஒரு மனுஷனுடைய கால் உடைவதற்கு முன்னால் கிடைக்காத சாமான், உடைந்த பிறகு ஒரே நாளில் கிடைத்துவிட்டது.

“நீரு கேட்ட சாமான்தான் மேஸ்திரி. சட்டுனு மாட்டிரும். நாளைக்கு ஆய்வாளர் வரும்போது வண்டி சுத்தமா நிக்கணும்.”

“தொடக் கூடாதுன்னு சொல்லியிருக்காவ.”

“மெக்கானிக்கு தொடுததுக்கு என்ன? வண்டியச் சரி பண்ணுததுதானே உம்ம வேலை? அன்னைக்கு மாத்தணும் மாத்தணும்னு குதிச்சீரு. இன்னைக்கு மாத்தும்ங்கேன், மாட்டேங்கீரு. கோட்டியா வே உமக்கு?”

அந்தக் கேள்வியில் ஒரு கொக்கி இருந்தது, கவனியுங்கள். வாழ்நாளெல்லாம் தேய்ந்த சாமானைக் கண்டால் மாற்றாமல் கை நிற்காது நமக்கு. ஆனால் அன்றைக்கு அந்தத் தேய்ந்த குண்டு சாமான் இல்லை, சாட்சி. அதைக் கழற்றினால் தேவராஜின் நாக்கைக் கழற்றியது போல ஆகிவிடும். எப்போது மாற்ற வேண்டும் என்று தெரிந்தவனுக்கு, எப்போது தொடக் கூடாது என்றும் தெரிய வேண்டும்.

“பொட்டலத்தக் கட்டிக்கிட்டுப் போயிரும் முதலாளி” என்றேன்.

“தென்காசியில ஒரு வண்டி உம்ம ஷெட்டுக்கு வராது, பாத்துக்கிடும்.”

“வராட்டா போவுது. நான் ஈ ஓட்டிக்கிடுதேன்.”

ஷெட்டுக்குப் பூட்டுப் போட்டுவிட்டு, ஆய்வாளர் வரும்வரை சாவியை இடுப்பிலேயே முடிந்துகொண்டு திரிந்தேன்.

ஆய்வாளர் ஒரு பெண். வெளியூர்க்காரர், நிதானமானவர், வேலை தெரிந்தவர். பெடலைத் திரும்பத் திரும்ப மிதித்துப் பார்த்தார். சுண்டிச் சுண்டித் திரும்பியது. ஓட்டிக்கொண்டு குற்றால ரோட்டில் ஒரு சுற்றுப் போய்வந்தார். கார் வெண்ணெய் மாதிரி ஓடியது. முதலாளியின் முகத்தில் சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே! தேவராஜ் வீங்கிய முகத்தோடு ஓரமாக நின்றார். எஸ்தர் அவர் கையைப் பிடித்திருந்தாள்.

“ஜாயிண்ட் தேய்ஞ்சிருக்கு. ஆனா பெடல் எங்கயும் மாட்டிக்கலையே. நான் பார்த்ததைத்தான் எழுத முடியும்” என்றார் ஆய்வாளர்.

“மேடம், இந்த கார் ஓடிக் கெடலை, ஊர்ந்து கெட்டது. மாப்பிள்ளை அழைப்புக்குப் போற மாதிரி ஹாஃப் கிளட்சுல நடை வேகத்துல போனாத்தான் தெரியும்” என்று இன்ஜின் சாய்வதைக் கையால் சாய்த்துக் காட்டினேன். அவர் பானெட்டுக்குள் குனிந்து ரப்பரைத் தொட்டுப் பார்த்தார். “சரி, அப்படியே ஓட்டிப் பார்ப்போம்” என்றார்.

முதலாளிக்கு வேர்த்தது. “எதுக்கு மேடம் அதெல்லாம்? வண்டியில ஒரு கோளாறும் கிடையாது. எங்கப்பா காலத்துலேருந்து இருக்கு. நான் கேரண்டி” என்றார்.

அப்போதுதான் எஸ்தர் தேவராஜின் கையை விட்டுவிட்டு முன்னால் வந்தாள்.

“கோளாறு கிடையாதுல்லா மொதலாளி? அப்பம் தவில்காரரு நடந்த எடத்துல நீங்க நடங்க. இவ்வோ பின்னால ஓட்டிட்டு வரட்டும்.”

எல்லோரும் முதலாளியைப் பார்த்தோம். அவர் காரைப் பார்த்தார். வாராவாரம் முகம் பார்த்த அதே பானெட்தான். “எனக்கு மூட்டுவலி” என்றார். பிறகு சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து, வராத அழைப்புக்கு ‘அலோ அலோ’ என்று சொல்லிக்கொண்டே வாசலுக்கு வெளியே போய் நின்றுகொண்டார்.

ஆய்வாளர் ரோட்டில் ஆளை விலக்கச் சொன்னார். நான் ஓட்டினேன், அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். முன்னால் காலி ரோடு. நிறுத்தி, ஊர்ந்து, நிறுத்தி, ஊர்ந்து போனோம். மண்டபம் கண்ணுக்குத் தெரிகிற இடம் வந்ததும் கிளட்சை விட்டேன், கார் துள்ளியது, இன்ஜின் அலறியது. கிளட்சை மிதித்து, காலை ஆக்சிலேட்டரிலிருந்து எடுத்து மேலே தூக்கிக் காட்டினேன். இன்ஜின் அலறிக்கொண்டே இருந்தது. அணைத்தேன். “அசைக்காதீங்க” என்று சொல்லிவிட்டு அவரே இறங்கிப் பானெட்டைத் திறந்தார். அவரிடம் நல்ல போன் இருந்தது. படம் எடுத்தார்.

தேவராஜுக்கு லைசென்ஸ் திரும்பக் கிடைத்தது. அவர் மேல் குற்றம் இல்லை என்றும், சொல்லியும் கேட்காமல் காரை அனுப்பியது முதலாளிதான் என்றும் ஆயிற்று. அவரை அடித்தவர்களில் ஒருவன், ஒரே ஒருவன்கூட வீடு தேடி வந்து தப்பாகிவிட்டது என்று சொல்லவில்லை. அந்த வீடியோ இன்னமும் எங்கேயோ ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. ஆய்வாளர் எடுத்த படத்தை எவனும் யாருக்கும் அனுப்பவில்லை. தவில்காரரால் இப்போது தோளில் தவிலை மாட்டிக்கொண்டு நடக்க முடியாது. உட்கார்ந்து வாசிக்கிற கச்சேரிக்கு மட்டும் போகிறார். நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டுதான் வருகிறது.

கார் வழக்கிலிருந்து வெளியே வந்ததும் முதலாளி அதே பொட்டலத்தோடு என்னிடம் வந்தார். சவத்தைத் தூக்கிக்கொண்டு போ என்று சொல்லத்தான் வாய் வந்தது. ஆனால் நான் விரட்டினால் மறுபடி யாரோ ஒரு புண்ணியவான் மூன்றாவது ஸ்பிரிங்கை மாட்டுவான். அடுத்த முகூர்த்தத்தில் இன்னொருவர் அதன் முன்னால் நடப்பார். அதனால் செய்து கொடுத்தேன். எப்படிச் செய்வது என்பது உங்களுக்கே தெரியும். எனக்கு மனசு நிறைகிற வரைக்கும் செய்தேன்.

காரை எடுக்க வந்தபோது சாவியைக் கொடுக்கவில்லை. “முன்னால நடங்க முதலாளி. நான் மண்டபம் வரைக்கும் ஊர்ந்து வாரேன். அதுக்குப் பெறகுதான் சாவி” என்றேன்.

“மூட்டுவலின்னு சொன்னேன்லா?”

“பைய நடங்க. எனக்கு அவசரம் இல்லை.”

நடந்தார். வேறு வழியில்லை. கார் கம்மென்று அவர் பின்னால் ஊர்ந்தது, ஒரு துள்ளல் இல்லை. ஆனால் அந்த மனுஷன் மண்டபம் வரைக்கும் ஒரு அடிகூட முன்னால் பார்த்து வைக்கவில்லை. கழுத்தைத் திருப்பி, பம்பரைப் பார்த்தபடியேதான் போனார். சட்டை முதுகெல்லாம் நனைந்துவிட்டது, அன்று சாரல்கூட இல்லை.

எதைக் கட்டி எதை இழுத்து மாட்டப் போனாலும், கம்பியோ ஸ்பிரிங்கோ கையில் எடுக்கிறதற்கு முன்னால் இதை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த ஊர்வலத்தன்று தவில்காரர் என் ஷெட்டைத் தாண்டிப் போனதை நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். கண்ணை மூடி, தலையை ஆட்டி ஆட்டி வாசித்துக்கொண்டே போனார். பின்னால் வருகிற காரை அவர் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.